கப்பல் பில்லில் வரும் கிராஜுவிட்டி: இனாமா, பேட்டாவா?

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனில் இருக்கிறான். அங்கே ஆறு மாதம் இருந்துவிட்டு, போன மாதம்தான் அண்ணாச்சியும் மதினியும் ஊர் திரும்பினார்கள். அங்கிருந்தபோது மகன் எல்லோரையும் கால்வெஸ்டன் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஏழு இரவு சொகுசுக் கப்பலில் ஏற்றியிருக்கிறான். கடல், சாப்பாடு, பாட்டுக் கச்சேரி, துண்டை மடித்தே யானையும் குரங்கும் செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போகும் பையன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவர், கடைசியில் பில்லுக்கு வந்தார்.

"எல்லாத்துக்கும் சேத்துத்தான தம்பி டிக்கெட்டுக்குப் பணம் கட்டியிருக்கு? அப்புறம் தனியா என்ன கிராஜுவிட்டி? நாலு பேருக்கு ஐந்நூறு டாலருக்கு மேல போட்டுட்டானுவ. நான் நேரா கவுண்டருக்குப் போயி எடுக்கச் சொல்லிட்டேன். மறுபேச்சு இல்லாம எடுத்துட்டானுவ."

என் அக்காள் மகன் அப்படிப்பட்ட ஒரு கப்பலில்தான் அறை சுத்தம் செய்யும் வேலை பார்க்கிறான். துண்டில் யானை செய்கிற பையன்களில் அவனும் ஒருவன். அண்ணாச்சிக்கு அது தெரியாது. எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவர் கஞ்சர் இல்லை. தெருவில் எந்த வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பவர். அந்தப் பணம் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளிலிருந்து இப்படிக் கப்பலேறிவிட்டு வருகிறவர்கள் நம் பக்கத்தில் இப்போது நிறையப் பேர். அந்தக் கப்பல்களுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளும் நிறையப் பேர். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

சொல்லிலேயே ஒரு குழப்பம்

கிராஜுவிட்டி என்ற சொல் நமக்குப் பழகியது வேறு அர்த்தத்தில். 1972-ல் வந்த சட்டத்தின் வழியாக அது வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லானது. பொதுவாக ஒரே இடத்தில் ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர் விலகும்போது, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்று கணக்கிட்டு முதலாளி மொத்தமாகக் கொடுக்கும் பணம் அது. தமிழில் பணிக்கொடை என்கிறோம். அதைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. வாடிக்கையாளருக்கு அதில் வேலையே இல்லை.

ஆகவே, முப்பது வருடம் ஆபீஸில் இருந்த ஒருவர் கப்பல் பில்லில் அந்தச் சொல்லைப் பார்த்ததும், "உன் ஆளுக்கு நீ கொடுக்க வேண்டிய பணிக்கொடையை என் தலையில் ஏன் கட்டுகிறாய்?" என்று கேட்பது இயல்பு. அண்ணாச்சியின் கோபத்தில் பாதி இங்கே பிறந்ததுதான். கப்பலில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் டிப்ஸ், அதாவது சேவை செய்தவருக்குப் பயணி கொடுக்கும் பணம். பயணி கையால் எடுத்துக் கொடுக்காமலே, நாளுக்கு இவ்வளவு என்று கப்பல் நிறுவனமே அவர் கணக்கில் ஏற்றிவிடுவதைத்தான் ஆட்டோமேட்டிக் கிராஜுவிட்டி என்கிறார்கள்.

சரி, டிப்ஸ் என்றால் மனம் இருந்தால் கொடுப்பது. அதை எப்படித் தானாகவே பில்லில் ஏற்ற முடியும்? இதற்குப் பதில் கடலில் தேட வேண்டியதில்லை. நம் ஊர் வேன் ஸ்டாண்டிலேயே இருக்கிறது.

வேன் வாடகையில் இருக்கும் பதில்

குடும்பத்தோடு பழனிக்குப் போக ஒரு வேன் பேசுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராவல்ஸ்காரர் கிலோமீட்டருக்கு இவ்வளவு, டோல் தனி, டிரைவர் பேட்டா தனி என்று சொல்வார். பேட்டா நாள் கணக்கு. ராத்திரி ஓட்டினால் அதற்கும் சேர்த்து. நம்மில் யாரும், "டிரைவருக்கு நீங்கள் சம்பளம் கொடுக்கவில்லையா, நான் ஏன் பேட்டா தர வேண்டும்?" என்று கேட்பதில்லை. வேன் டிரைவரின் மாதச் சம்பளம் குறைவு, ஓடுகிற நாளின் பேட்டாவில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது நமக்குத் தெரியும்.

பயணம் முடிந்து வீட்டு வாசலில் இறங்கும்போது நடப்பது இன்னொன்று. பையன் நல்லபடியாக ஓட்டினான், மலைப்பாதையில் பெரியவர்களுக்காக நிறுத்தி நிறுத்திப் போனான் என்றால், "இந்தா, வச்சுக்கோ" என்று தனியாக ஒரு தொகையைக் கையில் கொடுக்கிறோம். அதுதான் இனாம். அதற்கு ரேட் கிடையாது, பில்லும் கிடையாது. கொடுக்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

ஆக, ஒரே டிரைவருக்கு மூன்று வகைப் பணம் வருகிறது. முதலாளி கொடுப்பது சம்பளம். பயணி கொடுத்தாலும் முன்கூட்டியே ரேட் பேசி, கூலியின் பகுதியாகவே எண்ணப்படுவது பேட்டா. மனம் குளிர்ந்து கொடுப்பது இனாம்.

கப்பலில் தானாக ஏறும் அந்தத் தொகைக்குப் பெயர் இனாம். அது வேலை செய்யும் விதமோ பேட்டா. இந்தக் கட்டுரையில் இந்த ஒரு வரி மட்டும் மனதில் நின்றாலும் போதும். பேட்டாவுக்கு இனாம் என்று பெயர் வைத்ததால்தான் இத்தனை சண்டையும்.

கப்பல் பில் எப்படி இருக்கும்

கப்பலில் ஏறும்போது ஆளுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான், கடையில் சாமான் வாங்குவதும் அதுதான். உள்ளே ரொக்கம் புழங்காது. எல்லாச் செலவும் அந்த அட்டையின் கணக்கில் ஏறி, கடைசி நாள் மொத்தமாக வரும். டிப்ஸும் அந்தக் கணக்கில்தான் தினமும் ஏறுகிறது. டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்துக் கட்டிவிடவும் வழி உண்டு. மகன் முன்பே கட்டியிருந்தால் அண்ணாச்சி கண்ணிலேயே அது பட்டிருக்காது.

பெரிய அமெரிக்கக் கப்பல் நிறுவனங்களில் சாதாரண அறைக்கு, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் என்பது சமீப வருடங்களின் நிலவரம். ஸ்வீட் எனப்படும் பெரிய அறைகளுக்கு இன்னும் கூடுதல். இது அறைக் கணக்கு இல்லை, தலைக் கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். நாளைக்கு 18 டாலர் என்று வைத்தால், நாலு பேருக்கு ஏழு நாளில் 504 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று போட்டால் 45,360 ரூபாய். நம் கண்ணுக்கு அது பெரிய தொகைதான், அதிர்ச்சியில் தப்பில்லை. சிறு பிள்ளைகளுக்கும் பெரும்பாலான கப்பல்களில் இதே ரேட். கைக்குழந்தைக்கு மட்டும் சில நிறுவனங்கள் விலக்கு தருகின்றன.

இது போதாதென்று, காசு கொடுத்து வாங்கும் பானங்களுக்கும், தனிக் கட்டண உணவகங்களுக்கும், மசாஜ் போன்ற ஸ்பா வேலைகளுக்கும் விலையோடு 18 முதல் 20 சதவீதம் வரை டிப்ஸ் சேர்ந்துகொள்ளும். மேலே சொன்ன தினக் கணக்கு வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து, "ஏற்கெனவே கட்டியாச்சே" என்று பாரில் சண்டை போடுகிறவர்கள் உண்டு.

பெயரும் கப்பலுக்குக் கப்பல் மாறும். சில இடங்களில் கிராஜுவிட்டி, சில இடங்களில் சர்வீஸ் சார்ஜ், சில இடங்களில் ஊழியர் பாராட்டுத் தொகை என்று இருக்கும். பெயரைப் பார்த்து வேறு வேறு பணம் என்று எண்ண வேண்டாம்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: ஆளுக்கு நாளுக்கு என்று ஒரு தொகை தினமும் ஏறும், அட்டையைத் தேய்த்து வாங்கும் சிலவற்றுக்குச் சதவீதக் கணக்கில் இன்னொன்று ஏறும். முதலாவதுதான் பேட்டா போன்றது.

கவர் கொடுத்த காலம்

ஆரம்பத்தில் இப்படி இல்லை. பழைய கப்பல்களில் சாப்பாட்டுக்கு நேரம் உண்டு, மேஜை உண்டு. முதல் நாள் எந்த மேஜையோ, கடைசி நாள் வரை அதே மேஜைதான். அதே வெயிட்டர்தான் ஏழு நாளும் பரிமாறுவார். உங்களுக்குச் சர்க்கரை இல்லாத காபி வேண்டும் என்பது இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்துவிடும். கடைசி ராத்திரி அறைக்குச் சில கவர்கள் வரும். மேஜைக்காரருக்கு ஒன்று, அவர் உதவியாளுக்கு ஒன்று, அறை பார்ப்பவருக்கு ஒன்று. பணத்தைப் போட்டு அவரவர் கையில் கொடுத்துவிட்டு, கையைக் குலுக்கிவிட்டு இறங்குவார்கள். நம் கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பணம் வைத்துக் கொடுப்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

அதைக் குலைத்தது வசதிதான். 2000-ல் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம், இஷ்டப்பட்ட நேரத்தில் இஷ்டப்பட்ட உணவகத்தில் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் அவரவர் வழியில் பின்தொடர்ந்தன. பயணிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் இன்று ஓர் உணவகம், நாளை இன்னொன்று என்றால், கடைசி நாள் கவரை யாரிடம் கொடுப்பது? ஏழு நாளில் இருபது பேர் பரிமாறியிருப்பார்கள். முகமே நினைவில் இருக்காது.

கவர் முறையில் இன்னொரு குறையும் இருந்தது. பந்தியில் பரிமாறுகிறவரைத்தான் நமக்குத் தெரியும். பின்கட்டில் உட்கார்ந்து வாளி கழுவுகிற அம்மாவை யார் பார்த்தார்கள்? கப்பலில் அந்தப் பின்கட்டு ஒரு சின்ன ஊர் அளவுக்குப் பெரியது. 2024-ல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் மட்டும் ஊழியர்கள் ஏறத்தாழ 2,350 பேர். அவர்களில் பயணி முகம் பார்த்துப் பேசுவது ஒரு பகுதிதான். துணி வெளுப்பவர், பாத்திரம் தேய்ப்பவர், காய்கறி நறுக்குபவர் எல்லோரும் கீழ்த்தளங்களில். கவர் அவர்கள் வரைக்கும் இறங்கியதே இல்லை.

பொதுப் பெட்டியும் கடற்கரைப் பங்கும்

தினமும் ஏறும் டிப்ஸ் நேராக ஒருவர் கைக்குப் போவதில்லை. ஒரு பொதுப் பெட்டிக்குப் போகிறது. ஆங்கிலத்தில் பூல் என்பார்கள். பெட்டியில் சேர்ந்ததை வேலைக்கு ஏற்ற பங்காகப் பிரிக்கிறார்கள்.

உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கம் போனால் இந்த முறையை விளக்கவே வேண்டாம். கடலுக்குப் போய் வந்த வள்ளத்தின் மீன் ஏலம் போனதும், எண்ணெய்ச் செலவு, ஐஸ் செலவு கழித்து, மீதியைப் பங்கு போடுவார்கள். வள்ளத்துக்கும் வலைக்கும் இவ்வளவு, போன ஆட்களுக்கு இவ்வளவு என்று. எந்த மீன் யார் கையில் சிக்கியது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. வலையை இழுத்தவர், எஞ்சினைப் பார்த்தவர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பாடு.

கப்பல் பெட்டியில் பெரும் பங்கு அறை பார்ப்பவர்களுக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் நிற்பவர்களுக்கும் போகும். அறை பார்ப்பவரைக் கேபின் ஸ்டூவர்ட் என்பார்கள். ஒரு ஸ்டூவர்ட்டுக்குப் பதினைந்து அறைக்கு மேல் வரும். என் மருமகனுக்கும் அப்படித்தான். பயணி வெளியே போகிற நேரம் பார்த்து உள்ளே போய், திரும்புவதற்குள் முடித்துவிட்டு வர வேண்டும். "மாமா, நாங்க ரூமுக்குள்ள இருந்ததே அவங்களுக்குத் தெரியக் கூடாது, அதான் நல்ல வேலை" என்பான். மீதிப் பங்கு பின்கட்டு வேலைகளுக்குப் பிரியும். யாருக்கு எத்தனை பங்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

கேப்டனுக்கும், எஞ்சின் அதிகாரிகளுக்கும் இதில் பங்கில்லை. அவர்களுக்கு முழுச் சம்பளம். துறைமுகத்தில் பெட்டி தூக்கித் தருகிறவர் கப்பல் ஆளே இல்லை. கரையில் வேலை செய்பவர். அவருக்குக் கொடுப்பதை அங்கேயே தனியாகக் கொடுக்க வேண்டியதுதான்.

அண்ணாச்சி எடுக்கச் சொன்ன 504 டாலர் இந்தப் பெட்டியிலிருந்துதான் போனது. ஒரு பையனின் சட்டைப் பையிலிருந்து மொத்தமாகப் போகவில்லை. பலருடைய பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

நிறுவனமே சம்பளமாகக் கொடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி. இந்த முறையின் வேரே இங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு கப்பலும் ஏதோ ஒரு நாட்டில் பதிவாகி, அந்த நாட்டுக் கொடியைக் கட்டியிருக்கும். கப்பலுக்குள் முதலில் செல்லும் சட்டம் அந்தக் கொடி நாட்டின் சட்டம். கப்பல் மியாமியில் நிற்கலாம், பயணிகள் அமெரிக்கர்களாக இருக்கலாம். பின்பக்கம் பறப்பது பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா போன்ற நாடுகளின் கொடி. ராயல் கரிபியன் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மியாமியில். நிறுவனம் பதிவானது லைபீரியாவில். கப்பல்களில் மிகப் பெரும்பாலானவற்றில் பஹாமாஸ் கொடி. நம்மூரில் புதுச்சேரி நம்பர் போட்ட கார் தமிழ்நாட்டு ரோட்டிலேயே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஓடும் இடம் ஒன்று, பதிவுக்கும் வரிக்கும் பொருந்தும் இடம் இன்னொன்று. கப்பலில் அது சம்பளச் சட்டம் வரைக்கும் நீள்கிறது.

அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் மத்தியச் சட்டம் 1938-ல் வந்தது. அமெரிக்கக் கொடி இல்லாத கப்பலில் வேலை செய்யும் கடலோடிகளுக்கு அந்தக் குறைந்தபட்சக் கூலி பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே டெக்ஸாஸ் கரையில் காபி ஊற்றும் பையனுக்கு ஒரு கணக்கு, அதே கரையில் கட்டிப்போட்ட கப்பலுக்குள் காபி ஊற்றும் பையனுக்கு வேறு கணக்கு. இரண்டாமவன் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா மாதிரி நாடுகளிலிருந்து வந்தவன்.

இந்த இடைவெளிக்குள்தான் டிப்ஸ் வந்து உட்கார்கிறது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து, மீதியைப் பயணிகளிடமிருந்து வரும் டிப்ஸால் நிரப்புகிறார்கள். சில ஒப்பந்தங்களில் மாதத்துக்கு இவ்வளவு என்று ஓர் உறுதித் தொகை இருக்கும். டிப்ஸ் பங்கு அதை எட்டாவிட்டால் நிறுவனம் குறையை ஈடுகட்டும். எட்டிவிட்டால் நிறுவனம் கையிலிருந்து போடுவது மிச்சம். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் பயணி போடும் டாலரின் ஒரு பகுதி ஊழியரின் வருமானத்தைக் கூட்டுவதைவிட நிறுவனத்தின் செலவைக் குறைக்கிறது என்பதும் உண்மைதான். இதை நான் மறைக்க விரும்பவில்லை. கூலி கொடுக்கும் கடமையைக் கப்பல் முதலாளிகள் பயணியின் மனசாட்சி மேல் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

விளம்பர விலையும் ஒரு காரணம். ஏழு இரவு 700 டாலர் என்று போட்டால் ஆள் வரும். 826 என்று போட்டால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும். 126 டாலரைத் தனி வரியில் பின்னால் சேர்ப்பது வியாபாரத்துக்குச் சௌகரியம்.

இப்படித்தான் நடந்தாக வேண்டும் என்று கடலில் எழுதி வைக்கவில்லை. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019-ல் தினசரி டிப்ஸ் கட்டணத்தை எடுத்துவிட்டு, டிக்கெட் விலைக்குள் அடக்கிக்கொண்டது. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜன்ட் செவன் சீஸ் மாதிரி விலை கூடிய நிறுவனங்களிலும் டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மற்றவர்களாலும் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சுருக்கமாக: கொடி நாட்டுச் சட்டத்தால் அடிப்படைச் சம்பளம் குறைவாக இருக்க முடிகிறது, அந்தப் பள்ளத்தைப் பயணிகளின் டிப்ஸ் நிரப்புகிறது, விலையைக் குறைத்துக் காட்ட அது தனி வரியாக வருகிறது.

நம் ஊர் ஹோட்டலில் கூடாது, அங்கே மட்டும் எப்படி?

அண்ணாச்சி பேப்பர் விடாமல் படிப்பவர். "சர்வீஸ் சார்ஜ் கேட்டா கொடுக்க வேண்டாம்னு கோர்ட்டே சொல்லிட்டே" என்றார். அவர் சொன்னது சரி, நம் நாட்டுக்கு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று, ஹோட்டல்களும் உணவகங்களும் பில்லில் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

அந்த விதி இந்தியாவில் உள்ள உணவகங்களுக்கு. கால்வெஸ்டனில் கிளம்பி மெக்சிகோ பக்கம் போய் வரும் பஹாமாஸ் கொடிக் கப்பலை அது தொடாது. தவிர, அங்கே டிக்கெட் எடுக்கும்போதே இந்தக் கட்டணத்தை நிபந்தனைகளில் சொல்லிவிடுகிறார்கள். நம்மில் பலர் அதைப் படிக்காமலேயே சம்மதத்தை அழுத்திவிடுகிறோம்.

எடுக்கச் சொன்னால் என்ன நடக்கும்

பெரும்பாலான நிறுவனங்களில் கேட்டால் குறைப்பார்கள், எடுத்தும் விடுவார்கள். அண்ணாச்சியிடம் மறுபேச்சுப் பேசாததற்குக் காரணம், சட்டப்படி அவர்கள் தோற்றுவிட்டார்கள் என்பதில்லை. பெயரளவில் அது இன்னும் டிப்ஸ். டிப்ஸைக் கட்டாயம் என்று சொல்ல முடியாது. கப்பலை விட்டு இறங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்பது பல இடங்களில் விதி.

எடுத்தால் நஷ்டம் யாருக்கு? இங்கேதான் அதிகத் தவறான எண்ணம். "கம்பெனிக்குப் பாடம் புகட்டினேன்" என்று நினைக்கிறோம். கம்பெனிக்கு டிக்கெட் பணம் வந்துவிட்டது. குறைவது பெட்டி. உறுதித் தொகை உள்ள ஒப்பந்தத்தில் ஒருவேளை கம்பெனி கொஞ்சம் ஈடுகட்டலாம். இல்லாத ஒப்பந்தத்தில் துணி வெளுப்பவர் வரைக்கும் அந்தக் குறை போய்ச் சேரும்.

வேறு சிலர், "பெட்டியில் போட்டால் யாருக்குப் போகுமோ, நான் என் பையன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்" என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் சில நிறுவனங்களில் ஒரு விதி உண்டு. தினசரி டிப்ஸை எடுக்கச் சொன்ன பயணி கையில் கொடுத்த ரொக்கத்தை, ஊழியர் வைத்துக்கொள்ளக் கூடாது. பெட்டியில் சேர்க்க வேண்டும். தினசரி டிப்ஸை அப்படியே விட்டுவிட்டு மேலே கொடுக்கும் பணம்தான் பொதுவாக அவர் சொந்தமாக வைத்துக்கொள்வது. பேட்டாவைக் கொடுத்த பிறகு வாசலில் கொடுக்கும் இனாம் மாதிரி.

சேவை உண்மையிலேயே மோசமாக இருந்தால்? அறை சுத்தமாக இல்லை, கேட்டதற்குப் பதில் இல்லை என்றால், அன்றைக்கே கவுண்டரில் சொல்லிவிடுங்கள். மேற்பார்வையாளர் வந்து சரிசெய்ய வாய்ப்பிருக்கும். ஆறு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஏழாம் நாள் பணத்தை எடுத்தால், தப்புச் செய்தவரோடு சேர்ந்து, ஒரு தப்பும் செய்யாத சமையற்கட்டு ஆளும் அதை ஏற்க வேண்டியிருக்கும். அறையில் குழாய் ஒழுகினாலும், கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துப் போனாலும் அது ஸ்டூவர்ட் கையில் இல்லாத விஷயம். அதற்கு நிறுவனத்திடம் டிக்கெட் பணத்தில்தான் கணக்குக் கேட்க வேண்டும்.

கப்பல் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

கேட்டரிங் படித்துவிட்டு இந்த வேலைக்குப் போகும் பையன்களின் வீட்டில் நடப்பது இதே குழப்பத்தின் மறுபக்கம். "மாசம் 1,200 டாலர்" என்று ஏஜென்ட் சொல்வார். அம்மாவுக்கு அது லட்ச ரூபாய்ச் சம்பளமாகக் கேட்கும். அது முழுக்க அடிப்படைச் சம்பளமா, டிப்ஸ் சேர்த்த மதிப்பீடா, உறுதித் தொகையா? ஒப்பந்தத் தாளில் மூன்றும் மூன்று விஷயம். மதிப்பீடு என்றால் கப்பல் காலியாக ஓடும் மாதத்தில் அது இறங்கும். என் மருமகன் முதல் ஒப்பந்தத்துக்குப் போனபோது எங்கள் யாருக்கும் இதைக் கேட்கத் தெரியவில்லை. முதல் மாதம் அவன் அனுப்பிய பணத்தைப் பார்த்து அக்காள், பிள்ளை எதையோ மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் எதையும் மறைக்கவில்லை. எங்களிடம் சொன்ன தொகை மதிப்பீடு.

உதவிக்கு ஒரு சட்டமும் இருக்கிறது. உலகத் தொழிலாளர் அமைப்பு 2006-ல் கொண்டுவந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20-ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2015-ல் அதை ஏற்றது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், சம்பளக் கணக்கு மாதாமாதம் கையில் கிடைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஓய்வைக் கணக்கிடும் முறையில் பார்த்தால், 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். அதாவது வாரத்தில் 91 மணி நேர வேலைக்கு அந்தக் கணக்கு இடம் கொடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. பல மாதம் தொடர்ந்து இப்படித்தான். 18 டாலரைப் பற்றிப் பேசும்போது இந்த 91-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வேலை வாங்கித் தருவதற்கென்று ஏஜென்ட் பையனிடம் பணம் வாங்கக் கூடாது என்பதும் அதே உடன்படிக்கையில் உண்டு. மருத்துவச் சான்று, கடலோடிப் புத்தகம், பாஸ்போர்ட் மாதிரிச் செலவுகள்தான் பையனுடையவை. இந்தியாவில் இந்த ஏஜென்ட்கள் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும், ஆர்.பி.எஸ்.எல் நம்பர் என்று கேட்டால் தெரியும். நம்பர் சொல்லத் தயங்குகிறவரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

இதையெல்லாம் நான் அண்ணாச்சியிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டு மூன்று சாயங்காலம் ஆனது. வேன் பேட்டா கதையைச் சொன்னதும் அவர் அமைதியாகிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த யானை செஞ்ச பயலுக்கு எறங்கும்போது இருபது டாலர் கையில குடுத்தேன் தம்பி. அது அவனுக்குத்தான போயிருக்கும்?" என்று கேட்டார். அவர் போன கப்பலில் எப்படியோ. என் மருமகன் கப்பலில் என்றால் அது பெட்டிக்குப் போயிருக்கும் என்று சொன்னேன். மதினி உள்ளேயிருந்து வந்து, என் மருமகன் எப்போது ஊருக்கு வருகிறான் என்று கேட்டாள். தை மாதம் என்றேன். மகன் அடுத்த வருடம் சம்பந்தி வீட்டாரையும் கூட்டிக்கொண்டு அலாஸ்காவுக்குக் கப்பல் போட்டிருக்கிறானாம். அண்ணாச்சி அன்றைக்கே ராத்திரி அவனைப் போனில் கூப்பிட்டு, டிக்கெட்டோடு சேர்த்து அதையும் இப்போதே கட்டிவிடச் சொல்லியிருக்கிறார்.